செக்ரோலுக்கு எத்தனை பிரதி?

சேர்வர்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் சொல்லிச் சிரிக்கிற பகிடிகள் ஒன்றுதான். "பேக்கப் எடுக்க ஒருவருக்கும் நேரமில்லை, போனதை மீட்டுத் தரச் சொல்லி எல்லாரும் வந்து நிற்பார்கள்." "கிளவுட் என்று ஒன்றும் கிடையாது. அது இன்னொருவருடைய கம்பியூட்டர்." "எது பழுதானாலும் கடைசியில் குற்றவாளி டிஎன்எஸ்தான்." "வெள்ளிக்கிழமை எதிலும் கை வைக்காதே." ஒவ்வொரு பகிடிக்குப் பின்னாலும் எங்கோ யாரோ பட்ட பாடு இருக்கிறது. இவற்றில் சிலதின் பாட்டை நம் நாடும் பட்டிருக்கிறது.

இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் பிறந்தவர்கள் இந்தப் பகிடிகளை மற்றவர்களைவிடக் கவனமாகக் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம். நம் சனத்தின் உரிமை தலைமுறை தலைமுறையாக ஏதோ ஒரு கந்தோரில், ஏதோ ஒரு பதிவேட்டில் எழுதப்பட்ட பெயரில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது. அந்தப் பதிவேடு இப்போது கம்பியூட்டருக்குள் போகிறது.

2023 ஓகஸ்டில் நடந்ததை முதலில் பார்ப்போம். அரச நிறுவனங்களுக்கான லங்கா கவர்ன்மென்ட் கிளவுட் என்ற பொதுச் சேர்வர் தொகுதிக்குள் கப்பம் கேட்கும் நச்சு நிரல் ஒன்று புகுந்தது. கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்கிற வகை அது. அமைச்சரவை அலுவலகம் உட்பட, அரச மின்னஞ்சலைப் பயன்படுத்திய சுமார் 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. சேவை பன்னிரண்டு மணித்தியாலத்துக்குள் திரும்பி வந்தது. ஆனால் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் திரும்பி வரவில்லை.

பேக்கப் இருந்தது. அதையும் அந்த நிரல் பூட்டிவிட்டது. வலையமைப்போடு தொடுத்தே வைத்திருந்த பிரதி, மூலம் எந்த வழியாகப் போனதோ அதே வழியாகப் போனது. கழற்றித் தனியே வைத்த பிரதி அந்த மூன்று மாதத்துக்கு மேற்பட்ட காலத்துக்கு இருக்கவில்லை. மின்னஞ்சலை நடத்திய மென்பொருள் மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013. அந்தப் பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தம் கொடுப்பதை மைக்ரோசொப்ட் அதே ஆண்டு ஏப்ரல் 11ஆம் திகதி நிறுத்தியிருந்தது. புதிய பதிப்புக்கு மாற 2021 முதலே திட்டம் இருந்ததாகவும், பணமும் முடிவும் வரத் தாமதமானதாகவும் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் விளக்கம் சொன்னது.

"இன்னொருவருடைய கம்பியூட்டர்" என்ற பகிடி இங்கேதான் பொருந்துகிறது. கிளவுட் என்றதும் மேலே எங்கேயோ பத்திரமாக மிதக்கிறது என்று நினைத்துவிடுகிறோம். அது ஓர் அறையில், ஒரு தட்டில், யாரோ சம்பளத்துக்குப் பார்த்துக்கொள்கிற இயந்திரம். அந்த ஆளுக்குக் கேட்ட நேரத்தில் பணம் கிடைத்ததா, திருத்தம் போட நேரம் கிடைத்ததா என்பதில்தான் நம் கோப்பின் ஆயுள் இருக்கிறது.

பேக்கப் விசயத்தில் வளர்ந்த நாட்டுக்காரர் மட்டும் கெட்டிக்காரர் என்று எண்ண வேண்டாம். 2017 ஜனவரி 31ஆம் திகதி இரவு, உலகம் முழுக்க மென்பொருள் எழுதுகிறவர்கள் நம்பியிருந்த கிட்லாப் நிறுவனத்தில் ஒரு பொறியியலாளர், துணைச் சேர்வரில் அழிக்க நினைத்த தரவை முதன்மைச் சேர்வரில் அழித்துவிட்டார். சுமார் 300 கிகாபைட் இருந்த இடத்தில் அவர் நிறுத்தும்போது மிஞ்சியது நாலரை. அடுத்து பேக்கப்பைத் தேடினார்கள். ஐந்து வழிகளில் பேக்கப் ஏற்பாடு செய்திருந்தார்கள். ஒன்றுமே சரியாக வேலை செய்திருக்கவில்லை. பிரதி எடுக்கும் நிரலும் தரவுத்தளமும் வெவ்வேறு பதிப்பாக இருந்ததால் பிரதி விழவே இல்லை. விழவில்லை என்று எச்சரித்த மின்னஞ்சலையும் வாங்குகிற பக்கம் நிராகரித்திருந்தது. வேறொரு வேலைக்காக ஆறு மணித்தியாலத்துக்கு முன் தற்செயலாக எடுத்து வைத்த ஒரு நகல்தான் அவர்களைக் காப்பாற்றியது. நடந்தது அத்தனையையும் அந்த நிறுவனம் ஒளிக்காமல் எழுதி வெளியிட்டது. அந்தத் துணிவு நம் அலுவலகங்களுக்கும் வர வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன்.

இந்தத் தொழிலில் "மூன்று–இரண்டு–ஒன்று" என்று ஒரு கணக்கு உண்டு. பரவலாக்கியவர் பீட்டர் கிரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர். படம் தொலைந்தால் பிழைப்பு தொலைந்தது என்று தெரிந்த ஆள். எந்தக் கோப்புக்கும் மூன்று பிரதி; அவை இரண்டு வகைச் சாதனத்தில்; அதில் ஒன்றாவது வேறு இடத்தில்.

வேறு இடம் என்பதை சப்ரகமுவைக்காரருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. களு கங்கை 2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் இரத்தினபுரி நகரத்துக்குள் எந்த உயரத்துக்கு வந்தது என்பதைக் கண்டவர்கள் நாம். 2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து ஊர்களை மூடிய அதே நாளில் புலத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்திலும் மண் இறங்கி மனிதர்களோடு வீடுகளைப் புதைத்தது. லயத்து வீட்டில் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் இருக்கும் இடம் பெட்டிக்கடியில் ஒரு பொலித்தீன் பை. பை போனால் பத்திரம் போனது. கந்தோரும் அதே மலையடிவாரத்தில் அல்லது அதே ஆற்றங்கரையில் இருந்தால், இரண்டு பிரதியும் ஒரே மழையில் போகும். கந்தோர் அலுமாரியில் ஒரு கோப்பு, அதே மேசையில் கம்பியூட்டர், அதன் பக்கத்தில் செருகிய பென் டிரைவ் என்றால் எண்ணிக்கைக்கு மூன்றுதான். வெள்ளத்துக்கு அது ஒன்று.

பதிவேடு போனால் என்ன ஆகும் என்பதற்கு நம் சரித்திரமே போதும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் தகப்பன் இங்கே பிறந்ததற்கு, இல்லாவிட்டால் தகப்பனின் தகப்பனும் அவருடைய தகப்பனும் இங்கே பிறந்ததற்குச் சான்று கேட்டது. அடுத்த ஆண்டு வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம், 1946 ஜனவரி 1க்கு முந்திய 7 வருடங்கள், மணமாகாதவர் என்றால் 10 வருடங்கள், இடைவிடாமல் நாட்டில் இருந்ததை நிரூபிக்கச் சொன்னது. ஆளும் இங்கேதான், உழைப்பும் இங்கேதான்; கடதாசி மட்டும் இல்லை. அதனால் இலட்சக்கணக்கானவர்கள் நாடற்றவர்களாக நின்றார்கள். அந்தக் கணக்கை முடித்துவைக்க 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கோப்பு தொலைவதை நிர்வாகச் சிக்கல் என்று கொழும்பில் சொல்வார்கள். நம் பாட்டன் பாட்டிக்கு அது வாழ்க்கை.

டிஎன்எஸ்ஸுக்கு வருவோம். தோட்டத்தில் லயத்து வீடுகளுக்குத் தனி முகவரி இல்லாத இடங்களில் கடிதம் எல்லாம் தோட்டக் கந்தோருக்குத்தான் வரும். அங்கே இருப்பவர் பெயரைப் பார்த்து இந்த ஆள் இந்த லயம் என்று பிரித்துக் கொடுப்பார். இணையத்தில் அந்த வேலையைச் செய்வது டிஎன்எஸ். நாம் பெயரைத் தட்டுகிறோம். அது எந்த இயந்திரம் என்ற எண்ணை அது தேடித் தருகிறது. பிரித்துக் கொடுக்கிற இடத்தில் பட்டியலை மாற்றிவிட்டால், எழுதியவரும் சரி, வாங்க வேண்டியவரும் சரி, இருவரிடமும் பிழை இல்லாமலே கடிதம் வேறு வீட்டுக்குப் போய்விடும்.

2021 பெப்ரவரி 6ஆம் திகதி சனிக்கிழமை காலை இலங்கையில் நடந்தது இதுவேதான். கூகுளின் இலங்கைப் பெயரைத் தட்டியவர்களுக்கு வேறொரு பக்கம் திறந்தது. ஒரக்கிள் நிறுவனத்தின் இலங்கைப் பெயருக்கும், உள்ளூர் வியாபார, செய்தித் தளங்கள் சிலவற்றுக்கும் அதே கதி. கூகுளின் சேர்வரை யாரும் தொடவில்லை. நாட்டின் எல்கே என முடியும் பெயர்களைப் பராமரிக்கும் பதிவகத்தில் சில பெயர்களுக்கு நேரே இருந்த விபரத்தை மாற்றியிருந்தார்கள். அன்று காலையே சரிசெய்துவிட்டார்கள்.

திறந்த பக்கத்தில் என்ன இருந்தது என்பதுதான் என்னை இன்னும் யோசிக்க வைக்கிறது. ஊடகச் சுதந்திரம், ஊழல், நீதித்துறை, சிறுபான்மையினர் பிரச்சினைகளோடு தேயிலைத் தொழிலின் பிரச்சினையும் அங்கே எழுதப்பட்டிருந்தது. அதற்கு முதல்நாள், பெப்ரவரி 5ஆம் திகதிதான், ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் கேட்டு மலையகத் தோட்டங்களில் ஒருநாள் வேலைநிறுத்தம் நடந்திருந்தது. திங்கட்கிழமை சம்பளச் சபை ஆயிரத்துக்கு இணங்கியது; மார்ச்சில் வர்த்தமானி வந்தது. அந்தப் பக்கத்துக்கும் சபையின் முடிவுக்கும் தொடர்பு இருந்ததாக நான் சொல்லவில்லை. இன்னொருவர் பெயரைக் கடத்துவதை ஆதரிக்கவும் இல்லை. அதே வழியில் நாளை ஒருவன் வங்கியின் பெயரைக் கடத்துவான். கொழுந்து பறிக்கிறவர்களின் துயரம் நாட்டின் இணையப் பெயர்களுக்குள் திருட்டுத்தனமாக நுழைந்துதான் முதல் பக்கத்துக்கு வர வேண்டியிருந்தது என்பது என்னை உறுத்துகிறது.

அதே ஆண்டு ஒக்டோபர் 4ஆம் திகதி பேஸ்புக் நிறுவனத்தின் டிஎன்எஸ் சேர்வர்களுக்குப் போகும் பாதையே இணையத்திலிருந்து அழிந்தது. பராமரிப்பு வேலையில் பிறந்த ஒரு பிழைக் கட்டளை காரணம். இங்கே இரவு ஒன்பது மணி கடந்த நேரம். வெளிநாட்டில் வீட்டு வேலை செய்கிற பெண்கள் வேலை முடித்துப் பிள்ளைகளோடு பேசுகிற பொழுது. வாட்ஸ்அப் ஆறு மணித்தியாலம் அளவுக்குப் படுத்துவிட்டது.

"ஒருக்கா ஓஃப் பண்ணி ஓன் பண்ணிப் பாருங்க" என்பதைச் சோம்பேறி வைத்தியம் என்று சிலர் நினைப்பார்கள். அதற்குள்ளும் விஞ்ஞானம் உண்டு. இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது நினைவகத்தில் எண்ணிக்கைகள் ஏறிக்கொண்டே போகும். விண்டோஸ் 95, தான் எழுந்து எத்தனை மில்லிசெக்கன் ஆயிற்று என்பதை 32 பிட் பெட்டிக்குள் எண்ணியது. அந்தப் பெட்டியில் 429 கோடி வரைதான் கொள்ளும், சரியாக 49.7 நாளில் அது நிரம்பி, கம்பியூட்டர் உறைந்துவிடும். 2015இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம், போயிங் 787 விமானத்தை 248 நாள் தொடர்ந்து மின்சாரத்தில் வைத்தால் மின்பிறப்பாக்கிக் கட்டுப்பாடுகள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றுவிடலாம் என்று கண்டு, அதற்குள் அணைத்துப் போடும்படி உத்தரவிட்டது. அணைத்தால் எண்ணிக்கை பூச்சியத்திலிருந்து மறுபடி தொடங்கும். 2024 ஜூலை 19ஆம் திகதி வெள்ளிக்கிழமை கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பழுதான கோப்பு ஒன்று 85 இலட்சம் விண்டோஸ் கம்பியூட்டர்களை நீலத்திரையில் நிறுத்தியபோது, சில இயந்திரங்களுக்குப் பதினைந்து தடவை வரை அணைத்துப் போட வேண்டியிருக்கலாம் என்று மைக்ரோசொப்டே சொன்னது. வெள்ளிக்கிழமைப் பகிடிக்கும் அன்று ஒரு சாட்சி சேர்ந்தது.

இவை எல்லாவற்றையும்விட நம்மை நேரே பாதிப்பது பெயர். சப்ரகமுவையில் நாம் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறி வாழ்கிறோம். பதிவு எழுதியவர் பெரும்பாலும் தமிழ் தெரியாதவர். ஒரே பெண் பிறப்புப் பத்திரத்தில் லெட்சுமி, அடையாள அட்டையில் லட்சுமி, சேமலாப நிதியின் பி காட்டில் லச்சுமி. மனிதக் கண்ணுக்கு மூவரும் ஒருவர். கம்பியூட்டர் எழுத்தைப் பார்ப்பதில்லை, எண்ணைப் பார்க்கிறது. யுனிகோட் முறையில் 'ல'வுக்கு 2994. அடுத்த இடத்தில் லெட்சுமிக்குக் கொம்பின் எண் 3014. லட்சுமிக்கு 'ட'வின் எண் 2975. இரண்டாவது இடத்திலேயே "ஆள் வேறு" என்று முடிவு செய்துவிடும். பொன்னம்மா என்ற பெயரில் சிக்கல் இன்னும் ஆழம். 'பொ'வின் குறியை 3018 என்று ஓர் எண்ணாகவும் பதியலாம். 3014, 3006 என்று இரண்டாகவும் பதியலாம். திரையில் ஒரு மயிரிழை வித்தியாசமும் தெரியாது. மென்பொருள் எழுதியவர் இரண்டையும் ஒன்றாக்கிய பிறகு ஒப்பிடும்படி செய்திருக்காவிட்டால், தேடுபவருக்குப் பொன்னம்மா இல்லை என்றே பதில் வரும்.

பழைய கோப்புகளில் பாமினி எழுத்துரு வேறு. பாமினியில் 'அம்மா' என்று தட்டினால் உள்ளே சேமிக்கப்படுவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள். எழுத்துரு இருக்கும்வரை அம்மா தெரிவார். அது இல்லாத புதிய கம்பியூட்டரில் அதே கோப்பைத் திறந்தால் அர்த்தமில்லாத எழுத்துக் குவியல்தான் தெரியும். இலங்கைத் தமிழ் அலுவலகங்களில் பல வருடங்களாக ஓடிய எழுத்துரு இது. அந்தக் கோப்புகளை யுனிகோடுக்கு மாற்றி, மாற்றியதை ஆள் உட்கார்ந்து வாசித்துச் சரிபார்க்க வேண்டும். பெயர்களைச் சரிபார்க்கத் தோட்டத்துப் பிள்ளைகளையே வேலைக்கு எடுக்கலாம். ஓஎல் முடித்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், அவர்களுக்குத்தான் லச்சுமியும் லெட்சுமியும் ஒரே அத்தை என்று தெரியும்.

அடையாள அட்டை, சேமலாப நிதி, வாக்காளர் இடாப்பு எல்லாம் எண்ணிம முறைக்கு மாறுவதை நான் வரவேற்கிறேன். மாறும்போது தொழிற்சங்கங்கள் சம்பளத்தோடு சேர்த்து ஒரு கேள்வியையும் மேசையில் வைக்க வேண்டும்: எங்கள் வேலைநாளும் சம்பளமும் பதிகிற செக்ரோலுக்கும், சேமலாப நிதிக் கணக்குக்கும் எத்தனை பிரதி, எந்த ஊரில், அதைக் கடைசியாக எப்போது மீட்டுப் பார்த்தீர்கள்? நிதி தொழிலாளியின் நூற்றுக்கு எட்டும் தொழில் தருநரின் பன்னிரண்டும் சேர்ந்தது. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் தந்தது. கேட்கிற உரிமை காசு கட்டியவருக்கு உண்டு.

வீட்டில் செய்யக்கூடியதும் உண்டு. பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, பி காட், சம்பளத் துண்டு, கலியாணப் பதிவு ஆகியவற்றை வெளிச்சத்தில் வைத்து போனில் படம் எடுங்கள். எண்கள் வாசிக்கக்கூடியதாக இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். கொழும்பில் கடையில் வேலை செய்கிற மகனுக்கோ வேறு மாவட்டத்தில் கட்டிக்கொடுத்த மகளுக்கோ அனுப்பிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டுச் சின்ன எழுத்துக் கலங்கிவிடும். டொக்கியுமென்ட் என்பதைத் தெரிவு செய்து அனுப்பினால் எடுத்தபடியே போய்ச் சேரும்.