மீன் தண்ணீரில் மிளகாய்

இங்கிலாந்து போன்ற குளிர்நாடுகளில் கண்ணாடிக் குடிலுக்குள் மீன் வளர்த்து, அதே தண்ணீரில் மிளகாயும் வளர்க்கிறார்கள். மீன் கழிவிலுள்ள அம்மோனியாவை பாக்டீரியாக்கள் நைட்ரேட்டாக மாற்ற, கூழாங்கற்களுக்கிடையே ஓடும் வேர் அதை உறிஞ்சிக்கொள்கிறது. தொல்லை குளிர்தான். தண்ணீர் 10 டிகிரிக்குக் கீழே போனால் பாக்டீரியாவும் மந்தமாகிவிடும், மிளகாயும் வளராது. டிரவுட் மீனுக்குக் குளிர்ந்த நீர் வேண்டும். மிளகாய்க்கோ 20 டிகிரிக்கு மேல் வெதுவெதுப்பு வேண்டும். இரண்டையும் தாங்கும் கெண்டை மீனே நல்ல துணை. மூடிய குடிலுக்குள் காற்றும் தேனீயும் எட்டிப்பார்ப்பது அரிது. அதனால் பூத்த கிளையை விரலால் மெல்லச் சுண்டிவிடுகிறார்கள். மகரந்தம் உதிர்ந்து காய் பிடிக்கிறது. மிளகாய் பல ஆண்டு வாழும் செடி. பனிக்கு முன் கவாத்து செய்து வீட்டுக்குள் வைத்தால், அடுத்த கோடையிலும் காய்க்கும்.