முதலாண்டு மாணவரும் முதல் வார விடுமுறையும்

பள்ளிக் கல்வியை நிறைவு செய்து கல்லூரி வாயிலில் அடியெடுத்து வைக்கும் மாணவருக்கு முதல் ஐந்து நாள்கள் அறிமுகங்களிலேயே கழிந்துவிடுகின்றன. வகுப்பறை எது, நூலகம் எங்குள்ளது, பேராசிரியர் பெயர் என்ன என்று அறிவதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிடும். அதன் பின்னர் வரும் இரு நாள்களே அவர் தனித்து விடப்படும் நாள்கள். நத்தம், வேடசந்தூர், ஒட்டன்சத்திரம், நிலக்கோட்டை ஆகிய ஊர்ப்புறங்களிலிருந்து திண்டுக்கல்லுக்குப் பயில வருவோருள் பலர், தம் குடும்பத்தில் கல்லூரியைக் கண்ட முதல் தலைமுறையினர் ஆவர். அவ்விரு நாள்களில் அமையும் துணையே, ‘இவ்விடம் எனக்கும் உரியது’ என்னும் எண்ணத்தையோ, ‘ஊருக்கே திரும்பிவிடலாம்’ என்னும் எண்ணத்தையோ அவர் உள்ளத்தில் விதைக்கிறது. எனவே அந்நாள்களைப் பயனுறக் கழிக்கும் முறையைத் திண்டுக்கல்லை முன்வைத்து ஆராய்வோம்.

சனிக்கிழமை: தறியும் தொண்டும்

தொழிற்கூடங்கள் இயங்கும் நாளாதலின், சனிக்கிழமையைச் சின்னாளபட்டிக்கு ஒதுக்குவது தகும். மதுரைச் சாலையில் ஏறத்தாழ 10 கி.மீ. தொலைவிலுள்ள இவ்வூர் சுங்குடிச் சேலைக்குப் பெயர் பெற்றது. துணியை நூலால் சிறு சிறு முடிச்சுகளாகக் கட்டிச் சாயத்தில் தோய்த்துப் பின் அவிழ்த்தால், சாயம் புகாத இடங்கள் புள்ளிகளாக மலரும். இது பழைய முறை. மெழுகை அச்சிட்டுச் சாயமேற்றுவது பிந்தைய முறை. ஒரு சேலைக்குப் பின்னே எத்தனை கைகளின் உழைப்பு உள்ளது என்பதை நேரில் காணும் மாணவர், பொருளியல் பாடத்தின் ‘உழைப்பு’ என்னும் சொல்லுக்குப் புதுப்பொருள் காண்பார்.

அதனை அடுத்துள்ளது காந்திகிராமம். மருத்துவர் சௌந்தரம் அம்மையாரும் கோ. இராமச்சந்திரனும் 1947ஆம் ஆண்டில் தொடங்கிய தொண்டு நிறுவனத்திலிருந்து 1956இல் கிராமியக் கல்வி நிறுவனம் கிளைத்தது. 1976இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. முன்கூட்டி இசைவு பெற்றுச் செல்லும் மாணவர், கல்வி வளாகத்து மரபு என்பதற்குச் சிறந்த எடுத்துக்காட்டுகளை இங்கே அறியலாம். பல சமயத்தாரும் ஒன்றாக அமரும் சர்வ சமய வழிபாடு, அமைதிப் பணிக்கெனப் பயிற்சி பெறும் சாந்தி சேனை, மாணவர் சிற்றூரில் சென்று தங்கி மக்களுடன் பழகிக் கற்கும் முறை ஆகியன இந்நிறுவனம் வளர்த்த மரபுகளாகும். இவற்றுள் ஒன்றேனும் பிறரைச் சிறுமைப்படுத்துவது அன்று என்பதை ஈண்டு நினைவிற் கொள்க.

ஞாயிற்றுக்கிழமை: மலையும் நகரும்

திண்டினைப் போலத் தோன்றும் கல் என்பதே இவ்வூர்ப் பெயருக்குக் கூறப்படும் விளக்கம். பாறை வெயிலில் காயுமுன், காலையிலேயே குடிநீருடன் மலைக்கோட்டைக்கு ஏறுதல் நலம். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரை நாயக்கர் எழுப்பிய இக்கோட்டை, பின்னர் மைசூராரின் வசமாயிற்று. 1755இல் இங்குப் படைத்தலைவராகப் பொறுப்பேற்ற ஐதர் அலி, பிற்காலத்தில் மைசூரையே ஆளும் நிலைக்கு உயர்ந்தார். ஆங்கிலேயர் 1783இல் கோட்டையைக் கைப்பற்றினர். 1784 உடன்படிக்கையின்படி திருப்பியளித்தனர். 1790இல் மீண்டும் கைப்பற்றினர். 1792ஆம் ஆண்டின் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திண்டுக்கல் சீமை நிலையாக அவர் கைக்குப் போயிற்று.

1772இல் கணவரை இழந்து சிவகங்கையினின்று வெளியேறிய வேலு நாச்சியார், விருப்பாட்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கரின் ஆதரவையும் ஐதர் அலியின் உதவியையும் பெற்றது இச்சீமையில்தான். 1780இல் அவர் தம் நாட்டை மீட்டார். இந்து அரசியார் ஒருவரின் துயருக்கு முஸ்லிம் ஆட்சியாளர் துணை நின்ற இவ்வரலாறு, ஒரே வகுப்பில் பல சமயத்து மாணவர் அடுத்தடுத்து அமர்ந்து பயிலும் நமக்கு நல்லதொரு பாடமாகும்.

மலையினின்று இறங்கி நகரினுள் நடந்தால் இப்பாடம் மேலும் தெளிவுறும். பேகம்பூர் என்னும் பெயர், அங்கு அடக்கமாகியுள்ள ஐதர் அலியின் தங்கையார் அமீருன்னிசா பேகத்தின் நினைவாக அமைந்தது. அபிராமி அம்மன் கோயில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த புனித வளனார் பேராலயம், பேகம்பூர்ப் பெரிய பள்ளிவாசல் ஆகிய மூன்றும் ஒரே நகரத்தின் செல்வங்கள். கைவினைப் பூட்டுகளையும் காணாது திரும்புதல் கூடாது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு, இயந்திரப் பூட்டுகளின் போட்டியால் நலிந்து, சில பட்டறைகளிலேயே உயிர் வாழ்கின்றது.

மரபு எது? கொடுமை எது?

இவ்விரு நாள் உலாவும் ஒரு முதலாண்டு மாணவரால் தனியே இயலாது. வழி காட்டும் மூத்த மாணவர் தேவை. இங்குதான் கல்லூரி மரபு என்னும் சொல்லைச் சிந்திக்க வேண்டியுள்ளது. புதியவரைப் பாடச் சொல்லியும் ஆடச் சொல்லியும் பின் அடித்தும் இழிவுபடுத்தும் பகடிவதையை மரபு என்று கூறியோர் உண்டு. 1996ஆம் ஆண்டில் தமிழகத்தில் ஒரு மருத்துவ மாணவரின் உயிரை அக்கொடுமை பறித்தது. அதன் விளைவாக 1997இல் தமிழ்நாட்டில் பகடிவதைத் தடைச் சட்டம் பிறந்தது. அதன்படி குற்றவாளிக்கு இரண்டாண்டு வரை சிறையும் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். கல்லூரியினின்று நீக்கமும் உண்டு. 2009இல் பல்கலைக்கழக மானியக் குழுவும் நாடு முழுமைக்கும் விதிகளை வகுத்தது. துன்புறும் மாணவர் 1800-180-5522 என்னும் கட்டணமில்லா எண்ணில் முறையிடலாம். முறையிடுதல் கோழைத்தனம் அன்று. அடுத்து வருவோரைக் காக்கும் கடமையாகும்.

சட்டம் கொடுமையைத் தடுக்கும். நட்பை அது உண்டாக்காது. அதனை உண்டாக்க வேண்டியவர் மூத்த மாணவரே. நாட்டு நலப்பணித் திட்டம் 1969இல் தொடங்கியதும் இளைஞர் ஆற்றலை இத்தகைய நல்வழியில் செலுத்துவதற்கே. ஒவ்வொரு துறையிலும் இரண்டாமாண்டு மாணவர் இருவர், முதலாண்டு மாணவர் ஐவரை அழைத்துக்கொண்டு ஒரு காலைப்பொழுது மலையேறினால் போதும். பேருந்துக் கட்டணமும் கட்டுச்சோறும் தவிர இதற்குப் பெருஞ்செலவு இல்லை. பேராசிரியர் ஒருவர் உடன் வந்தால் அந்நடை வரலாற்று வகுப்பாகவும் மாறும். திரும்பிய பின் கண்டவற்றை ஒரு பக்க அளவில் எழுதித் துறையின் கையெழுத்து ஏட்டில் சேர்க்கலாம்.

இன்று கைப்பிடித்து அழைத்துச் செல்லப்படும் மாணவர், அடுத்த ஆண்டு மற்றொருவரின் கையைப் பற்றுவார். இவ்வாறு கைமாறிச் செல்வதே மரபு. திங்கட்கிழமைக் காலை மணியொலிக்கும்போது எந்த முதலாண்டு மாணவரின் இருக்கையும் வெறுமையாய் இராதவாறு காப்பது நம் அனைவரின் கடமையாகும்.