லெட்ஜரை விட்டு வெளியே வந்த கணக்கு

1980-களில் அரசுடைமை வங்கிக் கிளையில் சொந்தப் பணம் 500 ரூபாயை எடுக்கவே அரை நாள் ஓடிவிடும். செக்கை நீட்டினால் பித்தளை டோக்கன் தருவார்கள். செக் லெட்ஜர் மேசைக்குப் போகும். எழுத்தர் உங்கள் பக்கத்தைத் தேடிப் பிடித்து, இருப்பைப் பார்த்து, கழித்து எழுதுவார். அதிகாரி கையெழுத்தை ஒப்பிட்டு ‘பாஸ்’ செய்வார். அதன் பிறகுதான் கேஷியர் கூண்டிலிருந்து டோக்கன் எண் கேட்கும். இதில் யாரும் சோம்பேறி இல்லை. கணக்கு இருந்தது ஒரே லெட்ஜரில். அது ஒரு நேரத்தில் ஒருவர் கையில்தான் இருக்க முடியும். சிக்கல் அங்கேதான்.

வங்கிகளை இயந்திரமயமாக்க, அப்போது ரிசர்வ் வங்கித் துணை ஆளுநராக இருந்த சி. ரங்கராஜன் தலைமையிலான குழு 1984-ல் பரிந்துரைத்தது. லெட்ஜர் பதியும் இயந்திரங்கள் வந்தன. ஆட்குறைப்புக்கு அஞ்சிய தொழிற்சங்கங்கள் இயந்திரங்களின் எண்ணிக்கைக்கு வரம்பு கேட்டன. பேனாவின் இடத்துக்கு விசைப்பலகை வந்தது. செக் போகும் பாதை ஏறக்குறைய அப்படியே இருந்தது. கணினிகள் இவ்வளவு பெருகியும் உற்பத்தித்திறன் கணக்கில் அவற்றைக் காணோமே என்று அமெரிக்கப் பொருளியலாளர் ராபர்ட் சோலோ கேலி செய்ததும் அதே காலத்தில்தான், 1987-ல்.

உண்மையான மாற்றம் 2000-களில் கோர் பேங்கிங் பரவியபோது வந்தது. கணக்கு கிளையை விட்டு வங்கியின் மைய சர்வருக்குப் போனது. எந்தக் கவுன்ட்டரிலும் எந்த ஊழியரும் அதைத் திறக்கலாம் என்றதும் டோக்கனுக்கு வேலை இல்லாமல் போயிற்று. வாடிக்கையாளர் கண்ணில் படாத லாபம் இன்னும் பெரிது. முன்பு ஒரு கிளை இன்னொரு கிளைக்குத் தர வேண்டியதைத் தபாலில் வரும் தாள்களை வைத்துச் சரிபார்த்தார்கள். பொருந்தாத பதிவுகள் ஆண்டுக்கணக்கில் தேங்கின. பேலன்ஸ் டேலி ஆகாமல் இரவு வரை கிளையிலேயே உட்கார்ந்திருந்த கதையை ஓய்வுபெற்ற எந்த வங்கி ஊழியரிடமும் கேட்கலாம். அந்த வேலையின் பெரும்பகுதி காணாமலே போனது. 2016-ல் வந்த யுபிஐயும் இந்த அடித்தளத்தின் மேல்தான் நிற்கிறது.

முன்பு லெட்ஜர் எழுத்தர் விடுப்பு எடுத்தால் ஒரு மேசை முடங்கும். இன்று சர்வர் படுத்தால் எல்லாக் கிளைகளும் சேர்ந்து படுக்கின்றன. மிச்சமான நேரத்தையும் கேஒய்சி படிவங்களும் காப்பீட்டு விற்பனை இலக்கும் எடுத்துக்கொண்டன. வாடிக்கையாளர் அடைந்த லாபம் ஊழியரையும் எட்டியதா என்று கிளையில் கேட்டுப் பாருங்கள், நேரான பதில் வராது.

அன்று கணக்கு ஒரே லெட்ஜரில் சிக்கியிருந்தது போல, இன்று வேலையின் நுணுக்கம் சிக்கியிருப்பது அனுபவசாலியின் மூளையில். வாடிக்கையாளர் சேவையில் சுமார் 5,000 பேரிடம் பொருளியலாளர் எரிக் பிரின்யோல்ஃப்சனும் இரு சகாக்களும் செய்த ஆய்வு 2023-ல் வெளிவந்தது. பதில்களைப் பரிந்துரைக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவி கிடைத்ததும், மணிக்குத் தீர்க்கப்படும் புகார்கள் சராசரியாக 14% கூடின. புதியவர்களிடம் உயர்வு 34%. பழையவர்களிடம் மாற்றம் சொற்பம். இரண்டு மாத அனுபவக்காரர் கருவியோடு செய்ததும், ஆறு மாதத்துக்கு மேல் அனுபவமுள்ளவர் கருவியின்றிச் செய்ததும் சமமாக இருந்தன. காரணம், திறமையான ஊழியர்களின் பழைய உரையாடல்களில் இருந்த நெளிவுசுளிவுகளைத்தான் கருவி கற்றுக்கொண்டு புதியவர்களுக்கு எடுத்துக்கொடுத்தது. அப்படித் தங்கள் அனுபவத்தைத் தந்தவர்களுக்கு ஊதியம் தர வேண்டுமா, எப்படித் தருவது என்ற கேள்வியை ஆய்வாளர்களே எழுப்பியிருக்கிறார்கள்.