விரல்களுக்கு விடுமுறை முடிந்தது!

செப்டம்பர் பிறந்தால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் புதுக் கச்சேரிப் பருவம் தொடங்கிவிடும். நம் மார்கழி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஆனால் அவர்களுக்கு அது அடுத்த மே, ஜூன் வரை நீளும். கோடை விடுமுறைக்குப் பரண் ஏறிய கிடார்களும் அப்போதுதான் கீழே இறங்கும். பள்ளி ஆசிரியை, ஓய்வு பெற்ற நர்ஸ், பேரன் எடுத்த பாட்டி என்று பலரும் வாரத்தில் ஒரு மாலை கூடி, கிடார் குழுவாக ஒத்திகை பார்க்கிறார்கள்.

"கிடார்னா ஒருத்தர் மடியில வச்சு வாசிக்கிறதுதானே, அதுல என்ன கோஷ்டி?" என்கிறீர்களா? ஸ்பெயினிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய செலடோனியோ ரொமேரோ, தம் மூன்று பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு 1960-ல் நால்வர் குழுவே அமைத்தார். மூன்று வயதில் பார்வை இழந்த இசைமேதை ஹோவாக்கின் ரோட்ரிகோ, இவர்களுக்காகவே நான்கு கிடார்களும் வாத்தியக் குழுவும் சேர்ந்து வாசிக்க ஒரு பெரிய உருப்படி எழுதிக் கொடுத்தார். 1967-ல் அது அரங்கேறியது.

சேர்ந்து வாசிப்பதுதான் இதில் கஷ்டமே. வயலினில் வில் ஓடும்வரை நாதம் நிற்கும். கிடாரிலோ சுண்டிய மறுகணமே ஒலி தேயத் தொடங்கிவிடும். இருபது பேரில் நாலு பேர் இமைப்பொழுது முந்தினாலும், தகரக் கூரையில் தூறல் விழுந்த மாதிரி சிதறிவிடும்! அதனால் விவரம் தெரிந்த கண்டக்டர் (பஸ் கண்டக்டர் அல்ல!) முதல் நாள் எளிய பாட்டு ஒன்றைப் பாதி வேகத்தில்தான் வாசிக்க வைப்பார். நைலான் தந்தி புதிதாகப் போட்டால் சுருதி நிலைக்கச் சில நாள் பிடிக்கும். அதையெல்லாம் முன்பே மாற்றிக்கொண்டு வந்துவிட வேண்டும்.

சரி, தந்தியை மாற்றலாம். விரலை?

தந்தியை அழுத்தி அழுத்தி இடக்கை விரல்நுனிகள் காய்த்துப் போயிருக்கும். இரண்டு மாதம் சும்மா இருந்தால் அந்தக் காய்ப்பு மெத்தென்று ஆகிவிடும். பாத்திரம் துலக்கிய ஈரக்கையோடு போய் உட்கார்ந்தால் கொப்புளம் நிச்சயம். கை நன்றாகக் காயட்டும். வலக்கை நகம் மட்டும் சற்று நீண்டு, அரத்தால் வழவழவென்று தேய்த்திருக்க வேண்டும். வீணை வாசிக்கிறவர்களுக்கு இந்த நகப் பாடு புதிதல்ல. ஊறிய நகம் சட்டென்று உடையும் என்பதால், தண்ணீர் வேலைக்கு ரப்பர் கையுறை போட்டுக்கொள்வது நல்லது.

கச்சேரித் தேதி தெரிந்ததும் விட்டதையெல்லாம் பிடிக்கிற வேகத்தில் முதல் நாளே மூன்று மணி நேரம் வாசிக்கிறார்களே, அங்கேதான் வினை. இருபது நிமிடம் வாசித்தால் ஐந்து நிமிடம் கையைத் தொங்கவிட்டு நடங்கள். நேரத்தை வாரக்கணக்கில் மெல்லக் கூட்டுங்கள். விரல்நுனி எரிச்சல் நாலு நாளில் அடங்கும். மணிக்கட்டு வலி, விரல் மரத்துப்போதல், இரவில் சுரீர் என்ற குத்தல் வந்தால், "வலிச்சா வலிக்கட்டும், பழகிடும்" என்று இருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

வலியே இல்லாமல் வருகிற வில்லங்கமும் உண்டு. வாசிக்க எடுத்தால் மட்டும் விரல் தானாகச் சுருண்டுகொள்ளும். மூளை விரலுக்கு அனுப்பும் கட்டளையில் வரும் கோளாறு இது. அமெரிக்கக் கிடார் கலைஞர் டேவிட் லைஸ்னருக்கு 1980-களில் இது வந்து, ஏறக்குறைய 12 ஆண்டுகள் அவரைப் படுத்தியது. சுண்டுகிற வேலையை விரலிடம் மட்டும் விடாமல், தோள், கை ஆகியவற்றின் பெரிய தசைகளும் பங்கெடுக்கும்படி பழகிப் பழகியே அவர் மீண்டும் வாசிக்க வந்தார்.

உங்கள் பெண்ணும் பரீட்சை முடிந்து அலமாரி மேலிருந்து கிடாரை இறக்குகிறாளா? முதல் நாள் பத்து நிமிடம் போதும். முதுகு வளையாமல், இடது காலை ஒரு சிறு முக்காலியில் வைத்து உட்காரச் சொல்லுங்கள். கை சின்னதாக இருந்தால் முக்கால் அளவு கிடார் கடைகளில் கிடைக்கிறது. அண்ணனுடைய பெரிய கிடாரையே அவள் தலையில் கட்டாதீர்கள்!