ஆலயத்தில் அவர்களுக்கும் ஓர் இடம்

பக்கவாதத்திற்கோ தண்டுவடக் காயத்திற்கோ மறுவாழ்வுச் சிகிச்சை பெற்று வீடு திரும்பிய கிறிஸ்தவக் குடும்பத்தினரிடம், மறுபரிசோதனையின்போது நாங்கள் கேட்கும் கேள்விகளுள் ஒன்று: "ஆராதனைக்குச் சென்று வருகிறீர்களா?" பலர் இல்லை என்றே கூறுகின்றனர். அவர்களைப் பராமரிக்கும் தாயோ மனைவியோ கணவரோ ஞாயிற்றுக்கிழமைகளில் உடன் தங்கிவிடுகின்றனர். உடல் தேறியும் சபையின் உறவு அற்றுப்போகுமானால், மறுவாழ்வு பாதியில் நின்றுவிட்டதாகவே நாங்கள் கருதுகிறோம்.

மாற்றுத்திறனாளிகளுக்கான பணி தமிழகத் திருச்சபைகளுக்குப் புதிதன்று. பாளையங்கோட்டையில் காது கேளாதோருக்கான பள்ளியை மிஷனெரிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கினர். 1954இல் நேர்ந்த விபத்தில் இரு கால்களும் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவை சிகிச்சை செய்தார். வேலூரில் 1966இல் திறக்கப்பட்ட மறுவாழ்வு நிலையத்தை வழிநடத்தினார். ஆயினும், இத்தகைய மரபுடைய திருச்சபைகளின் ஆலயங்களில் படிகளைத் தவிர வேறு வழியில்லாதவை இன்றும் உண்டு.

சாய்தளத்திற்கு ஓர் அடி உயரத்திற்குப் பன்னிரண்டு அடி நீளம் தேவை. ஆறு அங்குல உயரமுள்ள மூன்று படிகளுக்கு 18 அடி வேண்டும். அதைவிடச் செங்குத்தானது ஆபத்தைத் தரும். உள்ளே, இருக்கை வரிசையில் சக்கர நாற்காலிக்கு இடம் விட்டால் அவர் குடும்பத்தினரோடு அமரலாம். சுவரோரம் தனியே நிறுத்துவது வரவேற்பாகாது.

காலணியை வெளியே கழற்றுவது பல ஆலயங்களில் வழக்கம். காலிப்பருடன் இணைந்த காலணியை அவ்வாறு கழற்ற இயலாது. நீரிழிவாலோ தொழுநோயாலோ பாதத்தில் உணர்விழந்தவர், வெயிலில் காய்ந்த முற்றத்தில் வெறுங்காலுடன் நடந்தால் கால் வெந்தாலும் உணரமாட்டார். இவர்களைக் காலணியுடன் அனுமதிக்கும்படி போதகரிடமோ பங்குத்தந்தையிடமோ பேசுங்கள்.

தண்டுவடக் காயமுற்றவர்கள் நீண்ட ஆராதனையிலும் தங்களுக்குரிய குஷனின் மீதே அமர வேண்டும். சிகிச்சையாளர் கற்பித்தபடி இடையிடையே உடலைத் தூக்கியோ சாய்த்தோ படுக்கைப் புண்ணைத் தவிர்க்க வேண்டும். குழாய் மூலம் சிறுநீர் வெளியேற்றுவோர் புறப்படுமுன் அதனை முடித்துக்கொள்வது நலம். விழுங்குவதில் சிரமம் உள்ளவர்கள், திருவிருந்தின் அப்பத்தையும் ரசத்தையும் எவ்வாறு உட்கொள்வது என்பதை எங்கள் சிகிச்சையாளரிடம் முன்னரே கேட்டறியுங்கள்.

ஒலிபெருக்கியின் இரைச்சலைத் தாங்க இயலாத ஆட்டிசம் உடைய குழந்தைக்கு, பின்வரிசையும் எழுந்து உலவும் சுதந்திரமும் பேருதவியாகும். வலிப்பு வந்தவரின் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதால் பயனில்லை. வாயில் எதையும் வைக்கலாகாது. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வலிப்பு ஐந்து நிமிடங்களுக்கு மேல் நீடித்தால் 108ஐ அழையுங்கள்.

படிகளைவிடக் கடினமான தடை சில சொற்கள். "யார் செய்த பாவமோ" என்பது அவற்றுள் ஒன்று. பிறவியிலேயே பார்வையற்ற மனிதரைக் குறித்துச் சீடர்கள் இதையே வினவியபோது, அவரோ அவருடைய பெற்றோரோ செய்த பாவம் அதற்குக் காரணமன்று என்று இயேசு மறுத்ததை யோவான் நற்செய்தியின் 9ஆம் அதிகாரம் உரைக்கிறது. ஜெபம் பலருக்கு ஆறுதல் அளிக்கிறது. ஆனால், விருப்பத்தைக் கேளாமல் ஒருவரைச் சபையின் முன் நிறுத்தி ஜெபிப்பது அவரைக் காட்சிப்பொருளாக்கிவிடும். குணமாகிவிட்டதென நம்பி வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்துவதோ உயிருக்கே ஆபத்தானது.

உள்ளே வந்து அமர்வதோடு வரவேற்பு நிறைவடைவதில்லை. வேதபாடம் வாசிக்கவும், காணிக்கையை எண்ணவும், பாடகர் குழுவில் பாடவும், ஓய்வுநாள் பள்ளியில் கற்பிக்கவும் அவரை அழைக்கும்போதுதான் அவர் சபையின் உறுப்பினராகிறார். ஆராதனை முடியும்வரை சபையார் ஒருவர் அவரருகே அமர்ந்தால், பராமரிப்பவரும் மனம் ஒன்றி ஜெபிக்க இயலும்.

அடுத்த மறுபரிசோதனைக்கு வரும்போது, உங்கள் ஆலய வாசலின் புகைப்படத்தையும் படிகளின் உயரத்தையும் எண்ணிக்கையையும் குறித்துக் கொண்டுவாருங்கள். உள்ளே செல்லும் வழியை உங்களுடன் அமர்ந்து திட்டமிட நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.