குதிரைக்கு மாலிஷ்!

'எனக்குக் குதிரைன்னா உயிர்' என்று நம் ஊரில் ஒருவன் சொன்னால் போதும்... அவன் மனைவி முதல் வேலையாக பீரோ சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொள்வாள். ரேஸ் பைத்தியம் என்று அர்த்தம்!

என் பைத்தியம் வேறு ரகம். பீச்சுக்குப் போனால் மற்ற பிள்ளைகள் சுண்டலுக்கு அழும். நான் குதிரைக்கு அழுவேன். இன்றுவரை ஒரு ரூபாய் பந்தயம் கட்டியதில்லை. குதிரைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. ஆனால் வழி? ஜாக்கி ஆக எடை ஜாஸ்தி. கால்நடை டாக்டர் ஆக மார்க் கம்மி. சொந்தமாக வாங்கலாம் என்றால்... பி.காம். படித்தவனுக்கு வரவு-செலவு தெரியாதா என்ன!

மிச்சமிருந்த வழிதான் மாலிஷ்.

சிரிக்காதீர்கள். குதிரையைப் பராமரிக்கிற சைஸ்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் வேலை இது. அமெரிக்காவில் விளையாட்டு வீரர்களுக்கு மசாஜ் செய்துகொண்டிருந்த ஜாக் மீகர் என்பவர், அதே கையைக் குதிரை மேல் வைத்தார். 1985-ல் அதைப் பற்றிப் புத்தகமே எழுதினார். எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஓய்வுபெற்ற சைஸ் ஒருவர். ஒரு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் அதற்கே போயின. அவர் சொன்ன முதல் பாடம்: "கையில கண்ணு வேணும் தம்பி!"

ஏன் என்பது போகப் போகப் புரிந்தது. நமக்குத் தோளையும் மார்பையும் இணைக்கக் காறை எலும்பு இருக்கிறது. குதிரைக்கு அது கிடையாது. அதன் முன்னங்கால்கள் உடம்போடு எலும்பால் சேரவே இல்லை! தசைகள்தான் தொட்டில் மாதிரி உடம்பைத் தாங்கிப் பிடிக்கின்றன. எடையில் சுமார் 60 சதவிகிதம் முன்னங்கால்களில்தான் இறங்குகிறது. 400 கிலோ குதிரை என்றால் 240 கிலோ. போதாததற்கு மேலே நாம் வேறு ஏறிக்கொள்கிறோம். தோள் தசை இறுகிவிட்டால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள்.

ஆனால், வலிக்கிறது என்று குதிரை லேசில் காட்டிக்கொள்ளாது. புல்வெளியில் நொண்டுகிற குதிரை ஓநாய்க்குச் சாப்பாடு. அந்தப் பயம் அதன் ரத்தத்தில் ஊறிப்போனது.

பீச்சில் சவாரி விடுகிற ஒருவரின் குதிரை, சேணத்தை எடுத்தாலே கடிக்க வந்தது. "திமிரு புடிச்சிருச்சு சார், வித்துடப் போறேன்" என்றார். அவர் வீட்டில் அடுப்பு எரிவதே அந்தக் குதிரையால்தான். கடிக்கிற குதிரையை வாங்குகிறவன் அதை என்ன பாடு படுத்துவானோ!

முதலில் கால்நடை டாக்டர் பார்த்தார். எலும்பில் கோளாறு இல்லை என்றார். பிறகுதான் நான் கை வைத்தேன். தோளுக்குப் பின்னால், சேணத்தின் முன்விளிம்பு உட்காருகிற இடம் கல் மாதிரி இருந்தது. சேணத்துக்கு அடியில் போட்ட துணி மடிந்து, அங்கேயே தினமும் அழுத்தியிருக்கிறது. திமிராவது, கிமிராவது!

துணியை மாற்றச் சொன்னேன். சவாரிக்குச் சில நாள் லீவு. தினம் இருபது நிமிஷம் மாலிஷ்.

எடுத்த எடுப்பில் வலிக்கிற இடத்தைத் தொடக் கூடாது. கழுத்து முடிந்து முதுகு தொடங்குகிற மேட்டில் ஆரம்பிக்க வேண்டும். குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் சொறிந்துவிடுவது அங்கேதான். அந்த இடத்தில் மனிதர்கள் சொறிந்துவிட்டாலும் குதிரையின் இதயத் துடிப்பு குறைகிறது என்று, பிரான்ஸில் ஆராய்ந்தவர்கள் 1993-ல் வெளியிட்டார்கள்.

நாலாவது நாள் குதிரை தலையைத் தாழ்த்தியது. கீழுதடு தொங்கியது. வாயில் ஒன்றுமே இல்லாமல் மென்றது. நீளமாக ஒரு மூச்சு விட்டது. இரண்டு வாரத்தில் கடிக்க வருவது நின்றுபோனது. குதிரையை விற்கிற பேச்சும்தான்!

மாலிஷ் சர்வரோக நிவாரணி அல்ல. குதிரையின் முட்டிக்குக் கீழே தசை என்று சொல்ல ஏதும் இல்லை, தசைநார்கள்தான். அங்கே சூடோ வீக்கமோ தெரிந்தால் கையை எடுத்துவிட வேண்டும். அது டாக்டர் வேலை.

வருமானம்? பல நாள் ஒரு டீ. வடையும் சேர்ந்தால் அது போனஸ்!

அடுத்த முறை பிள்ளையைக் குதிரையில் ஏற்றுவதற்கு முன், சேணம் கட்டும்போது அதன் காதுகளைக் கவனியுங்கள். பின்னால் படுத்தால், சவாரிக்காரரிடம் "முதுகைக் கொஞ்சம் பாருங்கண்ணே" என்று சொல்லுங்கள். வாயில்லா ஜீவன் வேறு எப்படித்தான் புகார் கொடுக்கும்?