கூனும் மூச்சும்

இளம்பிராயத்தில் இராமன் விளையாட்டாக எய்த மண்ணுருண்டை கூனியின் முதுகிற் பட்டதென்று கம்பர் கூறுகிறார். அந்தக் கூனுக்குள்ளே மூச்சு விடுவதற்கு அவளுக்கு எவ்வளவு இடமிருந்தது என்று கேட்டவர் எவருமிலர். இன்றும் நம்மிற் பலர், பிறவியிலேயே வளைந்த முதுகையும் குழிந்த மார்பையும் அழகைப் பற்றிய குறையாகவே கருதுகிறோம். பெண்ணாயிருந்தால் விவாகத்துக்குத் தடையாகுமே என்று விசாரப்படுகிறோம். உண்மையில் முதற்கண் விசாரப்பட வேண்டியது சுவாசப்பையையும் இருதயத்தையும் பற்றியேயாம்.

மார்பென்பது ஒரு கூடு. பின்னே 12 முள்ளெலும்புகள், இருமருங்கிலும் 12 ஜோடி விலா எலும்புகள், முன்னே மார்பெலும்பு. கொல்லன் துருத்தியைப்போல் இக்கூடு விரிந்து சுருங்குவதாலேயே நாம் சுவாசிக்கிறோம். முள்ளெலும்பு ஒன்று பாதியாக உருவானாலும், இரண்டு ஒரு பக்கத்தில் ஒட்டிப் பிறந்தாலும், குழந்தை வளர வளர முதுகு பக்கவாட்டில் வளைந்து முறுக்கிக்கொள்ளும். விலா எலும்புகள் ஒருபுறம் நெருங்கிவிடும். துருத்திக்கு விரிய இடமிராது.

குழந்தைப் பருவம் இதில் மிக முக்கியமானது. பிறக்கும்போது மார்புப் பகுதி முதுகெலும்பின் நீளம் சுமார் 11 சென்டிமீட்டர். 5 வயதில் சுமார் 18. காற்று தங்கும் நுண்ணறைகளில் பெரும்பாலானவை இந்த இளவயதிலேயே உண்டாகின்றன. அப்போது கூடு வளரவில்லையேல், உள்ளேயிருக்கும் சுவாசப்பையும் வளராது.

இனி இருதயத்தின் கஷ்டத்தைக் காண்போம். பிராணவாயு குறைந்தால் சுவாசப்பையிலுள்ள ரத்தக் குழாய்கள் சுருங்கும். அவற்றினூடே ரத்தத்தைத் தள்ள வலப்புற அறை மிகையாக உழைத்துத் தடித்து, நாளடைவில் தளர்ந்துபோகும். கால் வீக்கம் அதன் ஓர் அறிகுறி. மேலும், கர்ப்பத்தின் முதல் இரண்டு மாதங்களில் முள்ளெலும்பு உருவாகும் சமயத்திலேயே இருதயமும் சிறுநீரகமும் உருவாகின்றன. ஆகவே, பிறவியில் முதுகு வளைந்த குழந்தைகளுக்கு இவ்விரண்டையும் ஸ்கேன் செய்து பார்த்துவிடுவது அவசியம்.

முற்காலத்தில் வைத்தியர்கள், நீண்டு வளைந்த முதுகைவிடக் குட்டையான நேர்முதுகே மேல் என்றெண்ணி, இளவயதிலேயே எலும்புகளை ஒன்றாக இணைத்து வந்தனர். முதுகு நிமிர்ந்தது, ஆனால் மார்பின் வளர்ச்சி நின்றது. மூச்சுத் திணறலே மிச்சமாயிற்று. அமெரிக்காவில் ஸான் அன்டோனியோ நகரத்து டாக்டர் ராபர்ட் காம்பெல், 1980களின் இறுதியில் வேறு வழி தேடினார். மார்புக்கூட்டை விரித்து, வளரும் குழந்தைக்கேற்ப நீட்டக்கூடிய டைட்டானியம் விலா ஒன்றை அமைத்தார். 2004-ல் அந்நாட்டு அரசாங்கம் அதை அங்கீகரித்தது. சில மாதங்களுக்கொருமுறை சிறு ரண சிகிச்சை செய்து அதை நீட்டவேண்டும். 2014-ல் அங்கே அங்கீகாரம் பெற்ற வேறொரு கம்பியையோ, கத்தி படாமல் வெளியிலிருந்து காந்தத்தாலேயே நீட்டலாம். இவற்றிலும் சீழ் பிடித்தல், பிடி நழுவுதல் முதலிய தொல்லைகள் உண்டு. எல்லாக் குழந்தைகளுக்கும் ரண சிகிச்சை தேவையென்பதுமில்லை. லேசான வளைவாயின் அவ்வப்போது அளந்து கவனித்துவந்தால் போதும்.

எண்ணெய் தேய்த்து நீவுவதால் உடம்புக்குச் சுகம் உண்டாகலாம்; பிறவியில் கோணிய எலும்பு நிமிராது. அதை நம்பிக் காலங்கடத்துவது, சுவாசப்பை வளரவேண்டிய வருஷங்களை வீணாக்குவதாகும். பால் குடிக்கையில் குழந்தை இளைத்து வியர்க்கிறதா? உதடு நீலம் பாய்கிறதா? தோள்கள் உயர்ந்தும் தாழ்ந்தும் இருக்கின்றனவா? அடிக்கடி சளி கட்டுகிறதா? பெரிய குழந்தையானால், காலையில் தலைவலியோடு எழுந்து பகலெல்லாம் தூங்கி வழிகிறதா? இவற்றுள் எது தென்பட்டாலும் உடனே டாக்டரிடம் காட்டவேண்டும். இத்தகைய குழந்தை இருக்கும் வீட்டில் புகையிலைப் புகையும் அடுப்புப் புகையும் கூடா. தடுப்பூசிகளும் தவறலாகாது.

உபாத்தியாயர்களாகிய நமக்கும் இதில் பங்குண்டு. தேகப்பயிற்சி வேளையில் ஓடாமல் ஓரமாக உட்காரும் சிறுவனுக்குச் சோம்பேறி என்ற பட்டத்தைச் சூட்டுவது எளிது. அதற்கு முன், சட்டையைக் கழற்றச் சொல்லி அவன் முதுகை ஒருமுறை பார்த்துவிட்டுப் பெற்றோருக்குச் சொல்லியனுப்புவோமாக.